ஏலக் கொட்டகையில் ராட்சச நண்டு

மே 2, வியாழன்

முடிவாகிவிட்டது. இந்த மாதம் 26ஆம் தேதி, ஞாயிறு, காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை. ஏழு மேசை, மேசைக்கு ஆறு பேர். ஞானதுரை சார் தன் கல்யாண மண்டபத்தை வாடகையில்லாமல் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். அதுவும் ஏசி ஹால். இர்பானாவிடம் போனில் சொன்னபோது அவள் போட்ட சத்தத்தில் என் காது அடைத்துவிட்டது. ஒரே வகுப்பில் மூன்று வருடம் பி.காம். படித்தோம், இப்படி அவள் கத்தி நான் கேட்டதில்லை.

அப்பா கப்பலில் இருக்கிறார், ஆகஸ்டில்தான் வருவார். ஆகவே வீட்டில் விளக்க வேண்டியது அம்மா ஒருத்திக்குத்தான். நாலாவது முறையாக விளக்கினேன்.

"ஒரு மேசையச் சுத்தி ஆறு பேரு உக்காருவாங்கம்மா. அவங்க போக மேசைக்கு ஒருத்தரு கதை சொல்லணும். என் மேசையில நான், மத்ததுல இர்பானாவும் கூட்டாளிகளும். மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம். ஒருத்தர் திருடன், ஒருத்தர் வைத்தியச்சி, இப்படி. முன்னால பாலம் இடிஞ்சு கிடக்கு, என்ன செய்யுதியன்னு நான் கேப்பேன். தாண்டுதேன்னு சொன்னா கட்டைய உருட்டணும். இருபது பக்கம் உள்ள கட்டை. பெரிய நம்பர் விழுந்தா அந்தக் கரை. சின்ன நம்பர் விழுந்தா ஆத்துக்குள்ள."

"ஜெயிச்சா என்ன குடுப்பிய?"

"ஒண்ணும் கிடையாது."

"இதுக்கா முந்நூறு ரூவா குடுத்து வருவாவ?"

"வருவாவ."

அம்மா தையல் மிஷினை மறுபடி மிதிக்கத் தொடங்கினாள். நம்பவில்லை என்பதற்கு அவள் வைத்திருக்கும் பதில் அந்தச் சத்தம்தான்.

பணம் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு. மூன்றாம் மாடி வார்டு. பொம்மை வாங்கிக் கொடுக்கலாமே, டிவி வாங்கலாமே என்றாள் இர்பானா. நாற்காலி என்றேன். சாய்த்தால் படுக்கையாகிற நாற்காலி. பதினெட்டுக் கட்டில் இருக்கிறது, துணைக்கு இருப்பவர்களுக்குப் பதினெட்டு நாற்காலி. ஏன் நாற்காலி என்று கேட்டாள். எனக்குப் பிடித்திருக்கிறது என்றேன்.

மே 5, ஞாயிறு

பூசை முடிந்து வந்து கதையை எழுதி முடித்தேன். கலங்கரை விளக்கின் கண்ணாடி கடலில் விழுந்துவிடுகிறது. குன்றளவு பெரிய நண்டு ஒன்று அதைத் தன் முதுகில் மாட்டிக்கொண்டு திரிகிறது. மீட்டு வரவேண்டும். ஏழு மேசைக்கும் ஒரே நண்டு. எந்த மேசையில் அடித்தாலும் அதே நண்டுக்குத்தான் வலிக்கும். ஐம்பது ரூபாய் கொடுத்தால் கட்டையை மறுபடி உருட்டலாம். நூறு ரூபாய் கொடுத்தால் நண்டுக்கு இன்னொரு கொடுக்கு முளைக்கும். நண்பனைப் பழிவாங்க ஆசைப்படுகிறவர்கள் நூறு ரூபாய்க்கு யோசிக்க மாட்டார்கள் என்பது இர்பானாவின் கணக்கு.

இந்த விளையாட்டை எனக்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். அவளுடைய காக்கா, அதாவது அண்ணன், கோலாலம்பூரிலிருந்து வரும்போது ஒரு பெட்டி கொண்டுவந்தார். காயல்பட்டினத்தில் அவர்கள் வீட்டு மாடியில் முதல் ஆட்டத்தில் நான் செத்துப்போனேன். அரை மணி நேரத்தில். அதற்கு முன் அவ்வளவு சிரித்தது எனக்கு நினைவில்லை.

மாலையில் அம்மா தண்ணீர்க் குடத்தைத் தூக்கவில்லை, என்னைக் கூப்பிட்டாள். வீடு முழுக்க முதுகுவலித் தைல வாசனை. டாக்டரிடம் போ என்றால் போவதில்லை. கோபமாக வருகிறது.

மே 8, புதன்

ஆஸ்பத்திரி. வருடா வருடம் போவதுதான். ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட் ஒரு வாரத்தில்.

இன்று எழுத வேறு ஒன்றுமில்லை. பாத்திர அட்டைகளுக்குச் சிவப்புக் கரை போட்டேன், நாற்பத்திரண்டு அட்டைக்கும். பிறகு சிவப்பு பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் நீலமாக மாற்றினேன்.

மே 10, வெள்ளி

ஞானதுரை சாரின் ஆபீசுக்குப் போனோம், நானும் இர்பானாவும். நல்ல மனிதர்தான், டீ கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார். பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பிப் பேனரைக் காட்டினார்.

இடது பக்கம் மொட்டைத் தலையோடு, மூக்கில் குழாயோடு, பன்னிரண்டு வயது நான். வலது பக்கம் கல்லூரி அடையாள அட்டையில் இருக்கும் நான். நடுவே பொன்னெழுத்தில் 'மரணத்தை வென்ற மகள்'. கீழே அவருடைய படம், இரண்டையும் விடப் பெரிதாக.

"இது எங்க கிடைச்சுது?" என்றேன்.

"அம்மாதான்மா குடுத்தாங்க. நேத்து வீட்டுப் பக்கம் வந்திருந்தேன்."

"சார், இது வேண்டாம்."

"நீ மேடையில ஒரு பத்து நிமிஷம் பேசு, போதும். வார்டுல பட்ட கஷ்டம், அம்மா அழுதது, அதெல்லாம். பாருமா, கட்டை உருட்டதுக்கு யாரும் காசு குடுக்க மாட்டாங்க. கண்ணு கலங்குனாத்தான் பர்ஸ் திறக்கும். நான் இருபது வருஷமா தர்ம காரியம் பண்ணுறவன்."

இர்பானா என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாது. கல்லூரியில் யாருக்கும் தெரியாது. மூன்று வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவள் அந்த முதல் ஆட்டத்தில் என்னைச் சாக விட்டிருப்பாளா?

"யோசிச்சுச் சொல்லுதேன் சார்" என்று எழுந்துவிட்டேன். படி இறங்கும்போது இர்பானா, "அது நீயா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். பஸ் வந்ததும், "அடுத்த தடவையும் சாகடிப்பேன், நெனச்சுக்காத" என்றாள். அவளை எனக்குப் பிடிக்கும்.

வீட்டுக்கு வந்து அம்மாவோடு சண்டை.

"யாரக் கேட்டுக் குடுத்த?"

"கேக்கணுமா? அதுல வெக்கப்பட என்னட்டி இருக்கு? நீ பொழச்சு வந்த பிள்ள."

"வெக்கம் இல்ல. அது என் மூஞ்சி. நான்தான் காட்டணும், இல்லன்னா மறைக்கணும்."

"அந்த மூஞ்சிய எட்டு மாசம் துடச்சு விட்டது யாரு? நீ மட்டுமா அங்க கிடந்த?"

"அதுக்குன்னு பேனர்ல போடுவியா?"

அம்மா கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள்.

"உன்ன எத்தன பேரு போட்டோ எடுத்தாவ. டாக்டர் எடுத்தாரு, சாமியார் எடுத்தாரு, பள்ளிக்கூடத்துல இருந்து வந்து எடுத்தாவ. எட்டு மாசத்துல என்னைய ஒருத்தரும் ஒரு போட்டோ எடுக்கல."

மாடிக்குப் போய்க் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தேன்.

மே 11, சனி

ஞானதுரை சாருக்குப் போன் செய்தேன். படமும் இல்லை, பேச்சும் இல்லை, விளையாட்டு மட்டும்தான் என்றேன். அப்படியென்றால் மண்டபத்துக்கு வேறு யாரோ கேட்டிருக்கிறார்கள் என்றார். "சின்னப் பிள்ள, கொஞ்சம் வளைஞ்சு போகக் கத்துக்க" என்றார்.

இருபது வயது ஆகிறது. வளைய மாட்டேன்.

மே 13, திங்கள்

கோயில் பள்ளிக்கூட ஹாலைக் கேட்டோம். கமிட்டியில் ஒருவர் கட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது சூதாட்டம்லா?" என்றார். யாரும் யாரிடமும் எதையும் ஜெயிக்கப் போவதில்லை என்று சொன்னேன். "பின்ன எதுக்கு உருட்டுதிய?" என்றார். ஹால் தரவில்லை. முப்பத்தோரு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள், அவர்களை உட்கார வைக்க இடமில்லை.

அம்மா என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் மூடி வைத்திருக்கிறாள். சூரை மீன் குழம்பு.

மே 15, புதன்

ரிப்போர்ட் வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது.

அம்மா அதை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தாள். இரண்டு முறை. அவளுக்கு அதில் எந்த எண் எங்கே இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிவதைவிட நன்றாகத் தெரியும். பிறகு ஐந்து நாளுக்கு அப்புறம் முதல் வார்த்தை பேசினாள்: "சிலுவை அண்ணன்ட கேட்டியா?"

சிலுவை மாமா அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். விசைப்படகு டிரைவர், சங்கத்தில் ஏதோ பொறுப்பு. மீன்பிடித் தடைக்காலம் இது. ஜூன் பதினாலு வரை ஒரு விசைப்படகும் கடலுக்குப் போகாது. மீன் ஏலக் கொட்டகை காலியாகத்தான் கிடக்கிறது. எனக்கு ஏன் தோன்றவில்லை?

மே 16, வியாழன்

சிலுவை மாமா சரி என்றுவிட்டார். வாடகை கிடையாது. ஆனால் நிபந்தனை உண்டு.

"எங்க பயலுவளையும் சேத்துக்கிடணும். ஒரு மாசமா சும்மா இருந்து ஒருத்தன ஒருத்தன் கடிச்சுத் திங்கப் போறானுவ."

எத்தனை பேர் என்று கேட்டேன். "வலையில விழுந்தத எண்ணிட்டா இழுப்பாவ?" என்றார்.

மே 19, ஞாயிறு

கொட்டகையைக் கழுவினோம். ஐந்து பேர், பன்னிரண்டு பாக்கெட் பிளீச்சிங் பவுடர், காலை முதல் மதியம் வரை. இர்பானாவின் காக்கா புதுச் சட்டை போட்டு வந்து, முதல் பத்து நிமிடத்தில் வழுக்கி விழுந்தார். மீன் வாசனை போகவில்லை. போகாது என்று மாமா முதலிலேயே சொன்னார். நண்டுக் கதைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாதி உண்மை.

மேசைக்கு ஐஸ் பெட்டிகளைக் கவிழ்த்து மேலே பலகை போட்டோம். ஏசி என்ன, கடல் காற்று இருக்கிறது.

மே 22, புதன்

மீனவர்கள் எட்டுப் பேருக்கு ஒத்திகை ஆட்டம் வைத்தேன். நானே கதை சொன்னேன். வாடைக் காற்று அடிக்கிறது, உங்கள் படகு வடக்கே தீவை நோக்கிப் பாய் விரித்துப் போகிறது என்று அழகாகத் தொடங்கினேன்.

"தங்கச்சி, நில்லு" என்றார் ஒருவர். "வாடைன்னா வடக்க இருந்துல்லா அடிக்கும். நேர எதுக்கப் பாய வச்சிட்டு எப்படிப் போவ?"

"மந்திரப் பாய்" என்றேன்.

"மந்திரம்னா காத்தையே மாத்து. பாய ஏன் தொடுத?"

எல்லாரும் சிரித்தார்கள். கதையில் காற்றைத் தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சானாக மாற்றினேன். அதன் பிறகு அவர்களைப் பிடிக்க முடியவில்லை. நண்டோடு சண்டை போடச் சொன்னால் அது ஆண் நண்டா, முட்டை நண்டா என்று கேட்கிறார்கள். முட்டை நண்டாக இருந்தால் விட்டுவிட வேண்டுமாம். நண்டு ஆண்தான் என்று சத்தியம் செய்த பிறகே ஈட்டியை எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஊசியில் நூல் கோத்தாள்.

மே 25, சனி

நாளைக்கு யாரும் வராவிட்டால், ஐஸ் பெட்டிகளுக்கே கதை சொல்வேன்.

மே 26, ஞாயிறு

சரியான களைப்பு. இருந்தாலும் மறப்பதற்குள் எழுத வேண்டும்.

நாற்பத்திரண்டு பேருக்கு இடம் வைத்தோம். எட்டே முக்காலுக்கு அறுபது பேர் நின்றார்கள். கல்லூரிப் பிள்ளைகள், ஒரு பல் டாக்டர், உப்புக் கம்பெனிக் கணக்கர் இரண்டு பேர், தன் இரண்டு மகள்களோடு ஒரு டீச்சர், மாமாவின் ஆட்கள் பதினேழு பேர். இன்னும் மூன்று பெட்டிகளைக் கவிழ்த்தோம், புது அட்டைகள் எழுதினோம். கட்டைகள் போதவில்லை. இர்பானா பிஸ்கட் டப்பாவில் ஒன்று முதல் இருபது வரை சீட்டு எழுதிப் போட்டுக் குலுக்கச் சொன்னாள்.

உள்ளூர் கேபிள் டிவிக்காரர் ஒருவர் மைக்கோடு வந்தார். "எதனால இந்த நாற்காலி யோசனை வந்துச்சு?" என்றார்.

"உக்காருறதுக்கு" என்றேன்.

அவர் இன்னும் ஏதோ எதிர்பார்த்து நின்றார். நான் அடுத்த மேசைக்குப் போய்விட்டேன்.

பத்து மணிக்குள் நண்டுக்கு ஆறு கொடுக்கு முளைத்துவிட்டது. பல் டாக்டர் மட்டும் நாலு வாங்கினார், எதிர் மேசையில் அவருடைய மைத்துனர்.

பதினொரு மணிக்கு அம்மா வந்தாள். வருவேன் என்று சொல்லவில்லை. கையில் பெரிய தூக்குவாளி, சுண்டல். என் மேசையில் ஒரு பையன் பாதியில் எழுந்து போய்விட்டான், இடம் காலியாக இருந்தது. அம்மா வாளியை வைத்துவிட்டு அந்த இடத்தைப் பார்த்தாள்.

"இதுல நான் உக்காரலாமா?"

முந்நூறு ரூபாயை எண்ணிப் பலகையில் வைத்தாள். மேசையில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். மீதி இருந்த வைத்தியச்சி அட்டையை நீட்டினேன்.

"வைத்தியம் பாத்தது போதும். வேற என்ன இருக்கு?"

கடற்கொள்ளைக்காரி இருந்தாள். அம்மா அந்த அட்டையை வாங்கி, கண்ணாடியைப் போட்டுப் படித்தாள். பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'பிலோமினா' என்று தன் பெயரையே எழுதினாள்.

அம்மாவை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. தீவில் கிடைத்த முதல் புதையல் பெட்டியை யாரிடமும் சொல்லாமல் தன் மூட்டைக்குள் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த மீனவரின் பாத்திரம் கடலில் விழுந்து காப்பாற்றச் சொல்லிக் கத்தியபோது, "நீந்தத் தெரியும்லா, கிடக்கட்டும்" என்றாள். அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு தடவைகூட முதுகைப் பிடிக்கவில்லை அம்மா. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்று மணிக்கு எல்லா மேசைகளும் நண்டிடம் வந்து சேர்ந்தன. அப்போது அதற்குப் பத்தொன்பது கொடுக்கு. அம்மாவின் கொள்ளைக்காரி அதன் முதுகில் ஏறிக் கண்ணாடியைப் பெயர்க்கப் போனாள். கட்டையை உருட்டினாள்.

ஒன்று.

விழுவதிலேயே மோசமான எண். நான் என்னென்னவோ யோசித்தேன். கொடுக்கு தவறிப் பாறையில் பட்டது என்று சொல்லிவிடலாம். அலை வந்து அவளை ஒதுக்கியது என்று சொல்லலாம். கதை சொல்பவள் நான்தானே.

அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி. எனக்காகப் பாக்காத. என்ன விழுந்துச்சோ அதச் சொல்லு."

சொன்னேன். "நண்டு உங்களக் கொடுக்குல பிடிச்சிட்டு. நெருக்குது. அவ்வளவுதான்."

"மறுபடி உருட்ட எவ்வளவு?"

"அம்பது."

பர்சைத் திறந்து ஒரு ஐம்பது ரூபாயை எடுத்து வைத்தாள். மற்ற மேசைக்காரர்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். உருட்டினாள். பன்னிரண்டு.

"உயிர் இருக்கு" என்றேன். "ஆனா ஒரு கை போயிட்டு."

"இன்னொண்ணு இருக்குல்லா?" என்றாள் அம்மா. "அதால கண்ணாடியப் பிடிக்கேன்."

கொட்டகையே கத்தியது. சிலுவை மாமா பலகையைத் தட்டிய தட்டில் சுண்டல் சிதறியது. நண்டு ஐந்து இருபதுக்குச் செத்தது, உப்புக் கம்பெனிக் கணக்கரின் ஈட்டியால். அது யாருக்கும் நினைவில் இருக்கப் போவதில்லை. எல்லாரும் போகும்போது பிலோமினாவிடம்தான் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். இடது கையைத்தான் நீட்டினாள். வலது கை போய்விட்டதே.

மே 27, திங்கள்

எண்ணிப் பார்த்தாயிற்று. கட்டணம், கொடுக்கு, நன்கொடை எல்லாம் சேர்த்துப் பதினான்கு நாற்காலி வாங்கலாம். நான்கு குறைகிறது.

மதியம் ஞானதுரை சார் போன். டிவியில் பார்த்தாராம். "நாலு குறையுதாமே, நான் தாரேன். மேடை வேண்டாம், பேனர் வேண்டாம். அந்த ரெண்டு போட்டோவும் பேப்பர்ல வரட்டும், பக்கத்துல நான் நிக்கேன், அவ்வளவுதான்."

"நாற்காலி குடுக்கணும்னா வார்டுல போயி நேராக் குடுங்க சார். என் மூஞ்சி எதுக்கு?"

"உன் வீம்பால நாலு தாய்மாரு தரையில கிடக்கப் போறாங்க. அத நெனச்சுப் பாரு."

"நெனப்பேன் சார்" என்று வைத்துவிட்டேன்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. எரிச்சலே அதுதான்.

மே 29, புதன்

நாலு தாய்மார். நேற்று முழுவதும் அதே எண்ணம். பேசாமல் படத்தைக் கொடுத்துவிட்டால் என்ன? மொட்டைத் தலைதானே. யார் பார்த்தால் என்ன?

அம்மாவிடம் சொன்னேன். கொடுத்துவிடு என்றுதான் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். ஒருவேளை அப்படிச் சொல்ல வேண்டும் என்றே கேட்டேனோ என்னவோ.

அம்மா ஜெபப் புத்தகத்தை எடுத்து, உள்ளே இருந்த அந்தப் படத்தை உருவி என் கையில் கொடுத்தாள்.

"இது உன்னோடது. யாருக்குக் குடுக்கணும், குடுக்கக் கூடாதுன்னு நீயே பாத்துக்க. நான் கேக்காமக் குடுத்தது தப்பு." பிறகு, "நாலு நாற்காலிக்கு வேற வழியா இல்ல?" என்றாள்.

படம் இப்போது இந்த நாட்குறிப்புக்குள் இருக்கிறது. பார்த்தேன். காது இரண்டும் மிகப் பெரிதாக இருக்கிறது. முறைத்துக்கொண்டு இருக்கிறேன், படம் எடுப்பவரை அடிக்கப் போவது போல. அப்போதே பிடிக்கவில்லை போலிருக்கிறது.

ஜூன் 3, திங்கள்

நாற்காலிகளை வார்டில் சேர்த்தோம். நர்ஸ் பொன்னரசி சிஸ்டர் பெரிய டாக்டரிடம் முன்பே கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். நீண்ட நாள் இருக்க வேண்டியவர்களுக்கு முதலில் என்று அவரே பிரித்தார். நான்கு கட்டிலுக்கு இல்லை.

அம்மா வார்டு வாசலிலேயே நின்றாள். நான் நாற்காலிகளை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது பார்த்தேன், கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் வீடு திரும்பியதிலிருந்து ஏழு வருடமாக இந்த மாடிக்கு அவள் ஏறியதில்லை. செக்கப்புக்கு என்னோடு வந்தாலும் கீழே வெளிநோயாளிகள் பக்கத்தில்தான் உட்காருவாள்.

பதினாறாம் கட்டிலில் ஒரு சின்னப் பெண், இசக்கி, ஒன்பது வயது. அவள் அம்மா முத்துப்பேச்சி தரையில் பிளாஸ்டிக் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் புது நாற்காலிகள், அவளுக்கு இல்லை. என்னைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்போது அம்மா உள்ளே வந்தாள். நேராக அந்தக் கட்டிலுக்கு வந்து, ஒரு கையால் கட்டிலைப் பிடித்து, மெல்ல இறங்கி, அந்தப் பாயில் உட்கார்ந்தாள்.

"தலைமாட்டுல படுக்காத தாயி" என்றாள். "மருந்து ஸ்டாண்டு சக்கரம் முடியில ஏறிரும். கால்மாட்டுல படு. கேன்டீன்ல அட்டைப்பெட்டி கேளு, தருவாவ. அத விரிச்சு மேல சேலைய நாலா மடிச்சுப் போடு. குளிர் ஏறாது."

"உங்க பிள்ள எந்தக் கட்டிலு?" என்றாள் முத்துப்பேச்சி.

"இப்ப இல்ல. இது எட்டு வருசம் முன்ன. எட்டு மாசம் இங்கதான் கிடந்தேன். அவ அப்பா கப்பல்ல."

பிறகு அம்மா பேசிக்கொண்டே இருந்தாள். நான் கேட்காத கதைகள். எந்தக் குழாயில் எத்தனை மணிக்குச் சுடுதண்ணீர் வரும், யாரிடம் துணி துவைக்கச் சொல்லலாம், டாக்டர் பேசும்போது எதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நடுவே, குரலைத் தாழ்த்தாமல், அதே குரலில் சொன்னாள்:

"ஒருநா காலைல பால் வாங்கப் போனேன். எதுக்குன்னு எனக்கே தெரியாது, பஸ் ஸ்டாண்டுக்குப் போயி மதுர பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டேன். பஸ் பொறப்பட்டுட்டு. கண்டக்டர் டிக்கெட்டுன்னு வந்து நின்னப்போதான் இறக்கி விடுன்னு கத்துனேன். முக்கா மணி நேரம் என் பிள்ள இங்க தனியாக் கிடந்தா. யாருட்டயும் சொன்னதில்ல."

முத்துப்பேச்சி நிமிர்ந்து பார்த்தாள். "நான் நேத்து ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் போனேன்" என்றாள். பிறகு அழுதாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சமாதானம் சொல்லவில்லை.

நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றேன். அந்தக் காலை எனக்கு நினைவில்லை. தூங்கியிருப்பேன். பால் வந்தது, குடித்தேன், அவ்வளவுதான் இருந்திருக்கும்.

இசக்கி என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "அந்த ஆச்சி யாரு?"

"எங்கம்மா. நான் இங்க இருந்தப்போ எங்கூட இருந்தாங்க."

"நீங்களும் இங்கயா?" என் தலையை உற்றுப் பார்த்தாள். "முடி இவ்வளவுதான் வந்துச்சா?"

"அதிகமா வந்துச்சு. நான்தான் வெட்டிக்கிட்டேன்."

"நான் வெட்ட மாட்டேன்" என்றாள்.

யாரும் கேட்காமல் இதை நானே ஒருவரிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. கஷ்டமாக இல்லை.

ஆட்டோவில் வரும்போது அம்மா முதுகைப் பிடித்துக்கொண்டு, "தடைக்காலம் முடிய இன்னும் எத்தன நாளு இருக்கு?" என்றாள். பதினொரு நாள் என்றேன். "இந்த ஞாயித்துக்கிழமையே வை. சிலுவை அண்ணன்ட நான் பேசுதேன்."

"அம்மா, அந்த பஸ்..."

"என்ன?"

"நாளைக்கு உன்ன முதுகு டாக்டர்ட கூட்டிட்டுப் போறேன். மாட்டேன்னு சொன்னா தூக்கிட்டுப் போவேன்."

அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

கூட்டம் போன தடவையைவிடக் குறைவு. வெயில் கொளுத்தியது, இரண்டு மேசை காலி. ஆனாலும் மூன்று நாற்காலிக்குச் சேர்ந்துவிட்டது. நாலாவதைச் சிலுவை மாமாவின் சங்கம் ஏற்றுக்கொண்டது. பொன்னரசி சிஸ்டரிடம் போனில் சொல்லிவிட்டேன். பதினாறாம் கட்டிலுக்கு முதலில் என்றேன். அது அவருக்கே தெரியும் என்றார்.

இந்த முறை அம்மா ஒரு மேசையில் கதை சொன்னாள். மீனவப் பெண்கள் ஆறு பேர். என் நண்டுக் கதை வேண்டாமாம், தானே ஒன்று யோசித்து வந்திருந்தாள். ஒரு பெண் பஸ்ஸில் ஏறுகிறாள், அந்த பஸ் கடலுக்கு அடியில் போகிறது. அவள் மேசையிலிருந்து ஒருவரும் சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை.

மூன்று மணிவாக்கில் அந்தக் கேபிள் டிவிக்காரர் மறுபடி வந்தார். யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். என்னைத் தேடி நேராக வந்து, மைக்கை நீட்டி, "நீங்களும் அந்த வார்டுல இருந்தவங்கன்னு சொல்லுறாங்களே?" என்றார். கேமரா என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

நான் பதில் சொல்லும் முன்னால் அம்மா எழுந்து வந்து மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அவளப் பத்தி வேணும்னா அவ சொல்லும்போது கேட்டுக்கிடுங்க. இப்ப நான் என்னையப் பத்திச் சொல்லுதேன். என் பேரு பிலோமினா. எட்டு மாசம் அந்த வார்டுல தரையில படுத்தவ நான். எழுதிக்கிடுதியளா?"

அவர் தலையாட்டினார். அம்மா கேமராவைப் பார்த்து நிமிர்ந்து நின்று, அட்டைப்பெட்டியிலிருந்து தொடங்கிப் பத்து நிமிடம் பேசினாள். அழவில்லை. கொட்டகையில் கட்டை உருளும் சத்தம் நின்றுபோயிற்று. அந்தப் பத்து நிமிடத்தில் என் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை.

பேசி முடித்து மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு தன் மேசைக்குப் போனாள்.

"ம். யாரு முறை?" என்றாள்.